ரிட்டயர்மென்ட்டுக்கு காண்டோ, டவுன்ஹவுஸ் வாங்கப் போறீங்களா? விலைக்கு மேல வர்ற செலவை இப்படி கணக்குப் போடுங்க

அமெரிக்காவுல இருபது முப்பது வருஷம் தனி வீட்டுல இருந்துட்டு, பசங்க படிப்பு முடிச்சு வேற வேற ஊருக்குப் போனதுக்கப்புறம், "இவ்ளோ பெரிய வீடு எதுக்கு, புல்லு வெட்டணும், பனி தள்ளணும், படி ஏறி இறங்கணும், பேசாம ஒரு காண்டோ இல்லன்னா டவுன்ஹவுஸ் பாத்து போயிடலாம்"னு யோசிக்கிறவங்க என்கிட்ட கேக்கற முதல் கேள்வி எப்பவும் ஒண்ணுதான், எவ்ளோ விலை வரைக்கும் போலாம்னு. அதுக்கு நான் சொல்றது, விலையை கொஞ்சம் தள்ளி வைங்க, 75 வயசுலயும் 85 வயசுலயும் அந்த இடத்துக்கு மாசாமாசம் என்ன கட்டிட்டு இருப்பீங்கன்னு முதல்ல பாருங்க. விலையை ஒரு தடவை பேரம் பேசி முடிச்சிரலாம், மாசக் கட்டணத்துல உங்க பேச்சு எடுபடாது, அதை முடிவு பண்றது அசோசியேஷன் (ஹெச்ஓஏ, அதாவது வீட்டு உரிமையாளர்கள் சங்கம்) போர்டும் அந்தக் கட்டடத்தோட வயசும்தான். நாலஞ்சு குடும்பத்தோட உக்காந்து இந்தப் பேப்பரையெல்லாம் வரி வரியா படிச்சிருக்கேன், எங்க அக்கா வீட்டு விஷயத்துல கை சுட்டும் இருக்கு, அதனால தெரிஞ்சதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுமையா படிங்க.

முதல்ல பத்திரத்தைப் பாருங்க

டவுன்ஹவுஸ்ங்கறது கட்டடம் கட்டின விதத்துக்குப் பேரு, பக்கத்து வீட்டோட சுவரைப் பகிர்ந்துக்கிட்டு வரிசையா நிக்கிற வீடு. காண்டோங்கறது சொந்தம் எப்படிங்கறதுக்கு சட்டத்துல இருக்கிற பேரு. இது ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கிறவங்க ரொம்ப பேரு, ஏன்னா பாக்க அச்சு அசலா டவுன்ஹவுஸா இருக்கிறது பத்திரத்துல காண்டோவா இருக்கலாம். காண்டோன்னா பொதுவா உள்பக்கம் மட்டும்தான் உங்களுக்குச் சொந்தம், கூரை, வெளிச்சுவர், லிஃப்ட், பார்க்கிங், நிலம் இதுலெல்லாம் எல்லாருக்கும் சேர்ந்து பிரிக்க முடியாத ஒரு பங்கு. ஃபீ சிம்பிள்னு இருந்தா வீடும் அதுக்குக் கீழ இருக்கிற நிலமும் உங்களுது, அதோட கூரையும் உங்க தலைவலியா இருக்கலாம்.

எங்க அக்காவும் அத்தானும் வாங்கினது இந்த ரெண்டாவது வகை. ஆறு வீடு ஒரே வரிசை, மேல ஒரே கூரை, மாசம் 240 டாலர் கட்டணம். விக்கிறவங்க பக்கத்து ஏஜென்ட் "வெளிப்பக்கம் எல்லாம் ஹெச்ஓஏ பாத்துக்கும்"னு சொன்னாரு, இவங்களும் நம்பிட்டாங்க. வெளிப்பக்கம்னா அங்க புல்லு, பனி, ரோடு, வேலி, அவ்ளோதான். ரெண்டாவது வருஷம் பெரிய மழைக்கு மாடி பெட்ரூம் சீலிங்ல காபி டம்ளர் வச்ச மாதிரி பழுப்பா ஒரு வட்டம் வந்துச்சு, அடுத்த வாரம் அது தட்டு அளவுக்கு ஆயிடுச்சு, விரலால அழுத்தினா உள்ள போகுது. அசோசியேஷனுக்கு போன் பண்ணா டெக்லரேஷனை, அதாவது அசோசியேஷனோட விதிகள் இருக்கிற பத்திரத்தைப் பாருங்கன்னாங்க. வாங்கும்போதே கொடுத்த நூறு பக்கக் கட்டு அது, நடுவுல ஒரு டேபிள், ஒரு பக்கம் பொருளோட பேரு, இன்னொரு பக்கம் யாரு பொறுப்புன்னு. கூரைக்கு நேரா "உரிமையாளர்"னு இருந்துச்சு. 11,000 டாலர் போச்சு, அதுலயும் ஓடு நிறம் போர்டு ஒத்துக்கிட்ட நிறமாத்தான் இருக்கணும்னு அதுக்கு ஒரு மாசம் காத்திருந்தாங்க, அந்த ஒரு மாசமும் கூரை மேல நீல தார்ப்பாய்தான்.

அதனால வீடு பாக்கப் போன அன்னைக்கே அந்த டேபிளைக் கேளுங்க. கூரை, ஜன்னல், வெளிக்கதவு, பால்கனி, சுவருக்குள்ள போற பைப், ஏசி யூனிட், டிரைவ்வே, இது ஒவ்வொண்ணும் யாரோட செலவுன்னு எழுத்துல இருக்கும். ஜன்னலை ரொம்ப பேரு கவனிக்க மாட்டாங்க, நிறைய காண்டோவுல கண்ணாடி உங்க செலவு, ஃப்ரேம் அசோசியேஷன் செலவுன்னு பாதிப் பாதியா பிரிச்சு எழுதி வச்சிருப்பாங்க.

மாசக் கட்டணத்தை கடனா மாத்திப் பாருங்க

மாசம் 600 டாலர்தானேன்னு தோணும். 30 வருஷக் கடன், 6.5% வட்டின்னு வச்சா, மாசம் 600 டாலர்ல கிட்டத்தட்ட 95,000 டாலர் கடனை அடைக்கலாம். அதாவது 3,40,000 டாலருக்கு 600 டாலர் கட்டணத்தோட ஒரு காண்டோவும், 4,00,000 டாலருக்கு 150 டாலர் கட்டணத்தோட ஒரு டவுன்ஹவுஸும் இருந்தா, முதலாவது மலிவுன்னு பாத்தவுடனே சொல்லிற முடியாது. அதுலயும் கடன் தவணை ஏறாது, ஒரு நாள் முடியும். கட்டணம் ஏறிட்டே இருக்கும், நீங்க அங்க இருக்கிற வரைக்கும் முடியாது.

வருஷம் 5% ஏறுதுன்னு எடுத்துக்கோங்க. இன்னைக்கு 600 டாலர் 15 வருஷம் கழிச்சு 1,247 டாலர், 20 வருஷம் கழிச்சு கிட்டத்தட்ட 1,592 டாலர். 20 வருஷத்துல மொத்தமா நீங்க கட்டியிருக்கிறது சுமார் 2,38,000 டாலர். சோஷியல் செக்யூரிட்டி அதே வேகத்துல ஏறாது, 2023ல 8.7% ஏத்தினாங்க, சரி, ஆனா 2025ல அது 2.5%தான். இந்த இடைவெளிதான் 80 வயசுல நெருக்கும். அஞ்சு வருஷத்து பட்ஜெட் பேப்பர் வாங்கி, கட்டணம் எந்த வருஷம் எவ்ளோ ஏறுச்சுன்னு பாத்தீங்கன்னா அந்த இடத்தோட குணம் தெரிஞ்சிரும். அஞ்சு வருஷமா ஒரு டாலர் கூட ஏத்தலைன்னா சந்தோஷப்படாதீங்க, இன்சூரன்ஸ், தண்ணி, ஆள் கூலி எல்லாம் ஏறின காலத்துல இவங்க மட்டும் ஏத்தலைன்னா எங்கயோ எதையோ செய்யாம விட்டு வச்சிருக்காங்க, அந்த பில் பின்னாடி வரும்.

போர்டு இஷ்டத்துக்கு ஏத்தலாமான்னா அது மாநிலத்தைப் பொறுத்தது. கலிஃபோர்னியாவுல வழக்கமான கட்டணத்தை வருஷத்துக்கு 20%க்கு மேல ஏத்தணும்னா உறுப்பினர்கள் ஓட்டு வேணும், ஸ்பெஷல் அசெஸ்மென்ட் (மாசக் கட்டணம் போக தனியா கட்டச் சொல்ற தொகை) மொத்தமா அந்த வருஷ பட்ஜெட்ல 5% தாண்டினாலும் ஓட்டு வேணும், அவசர நிலைமைக்கு விதிவிலக்கு உண்டு. இன்னொண்ணு, நீங்க குடியிருக்கிற வீட்டுக்குக் கட்டற ஹெச்ஓஏ கட்டணத்தை வருமான வரியில கழிக்க முடியாது. கட்டாம விட்டா வீட்டு மேல லீன் (பாக்கிக்காக சொத்து மேல பதியற உரிமை) போடுவாங்க, கடனே இல்லாத வீட்டைக் கூட அதுக்காக ஏலத்துக்குக் கொண்டு போற அதிகாரம் நிறைய மாநிலங்கள்ல அசோசியேஷனுக்கு இருக்கு.

ரிசர்வ், இங்கதான் நேரம் செலவழிக்கணும்

மொத்த வேலையில பாதி நேரம் இதுக்குக் கொடுங்கன்னு நான் எல்லார்கிட்டயும் கெஞ்சாத குறையா சொல்றேன். கட்டணத்துல ஒரு பகுதி அன்றாடச் செலவுக்குப் போகும், ஒரு பகுதி கூரை, லிஃப்ட், பெயிண்ட், பார்க்கிங் தளம் மாதிரி பெரிய வேலைக்குச் சேர்த்து வைக்கிற ரிசர்வுக்குப் போகும். சேர்த்தது போதுமான்னு பாக்கறதுக்கு ரிசர்வ் ஸ்டடின்னு ஒரு ரிப்போர்ட் இருக்கும்.

அதைப் படிக்கறது கஷ்டமில்ல. 25 வருஷம் உழைக்கிற கூரை, மாத்த 5 லட்சம் டாலர் ஆகும், இப்ப 15 வருஷம் ஓடிடுச்சுன்னா, இன்னைக்குக் கையில இருக்க வேண்டியது 3 லட்சம் டாலர். இருக்கிறது 1 லட்சம்தான்னா 33%. பாக்கி 2 லட்சத்தை 80 வீட்டுக்குப் பிரிச்சா தலைக்கு 2,500 டாலர் பின்தங்கி இருக்கீங்க, வாங்கின அன்னைக்கே அது உங்க கணக்குல ஏறிடுது. இதே மாதிரி லிஃப்ட், பாய்லர், ரோடுன்னு எல்லாத்துக்கும் போட்டு மொத்தமா ஒரு சதவீதம் சொல்லியிருப்பாங்க. இந்தத் துறையில இருக்கிறவங்க 70%க்கு மேல இருந்தா நல்ல நிலைமை, 30%க்குக் கீழ போனா ஆபத்துன்னு சொல்லுவாங்க. 25%ல இருக்கிற கட்டடத்துல வாங்கணும்னா உங்க வீட்டுக்கு எவ்ளோ பற்றாக்குறைன்னு கணக்குப் பண்ணி அதை விலையில குறைக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க.

ரிசர்வ் பத்தலைன்னா வர்றதுதான் ஸ்பெஷல் அசெஸ்மென்ட், மொத்தமா இவ்ளோ கட்டுன்னு வர்ற நோட்டீஸ். ஃப்ளோரிடாவுல சர்ஃப்சைடுங்கற ஊர்ல சாம்ப்ளைன் டவர்ஸ் சவுத்னு 12 மாடி காண்டோ, 1981ல கட்டினது, 136 வீடு. 2021 ஜூன் 24 ராத்திரி ஒரு பகுதி அப்படியே இடிஞ்சு விழுந்து 98 பேர் செத்துப் போனாங்க. நீச்சல் குளத்துத் தளத்துல கான்கிரீட் கெட்டுப் போயிருக்குன்னு 2018லயே இன்ஜினியர் எழுதிக் கொடுத்திருந்தாரு. வேலைக்கு சுமார் 1.5 கோடி டாலர் வேணும்னு ஆகி, ஒரு வீட்டுக்கு கிட்டத்தட்ட 80,000 டாலர்ல இருந்து 3,36,000 டாலர் வரைக்கும் பங்கு போட்டிருந்தாங்க, அந்தப் பணம் கட்ட ஆரம்பிக்க வேண்டிய நேரத்துலதான் கட்டடம் விழுந்துச்சு. அங்க இருந்தவங்கள்ல நிறைய பேரு நம்மள மாதிரி ரிட்டயர் ஆகி நிம்மதியா இருக்கலாம்னு வந்தவங்க, இதை எழுதும்போதே மனசு கனக்குது.

அதுக்கு முன்னாடி ஃப்ளோரிடாவுல உரிமையாளர்கள் ஓட்டுப் போட்டு ரிசர்வே சேர்க்காம தள்ளிப் போட முடிஞ்சுது. 2022ல சட்டத்தை மாத்தினாங்க, மூணு மாடி இல்ல அதுக்கு மேல இருக்கிற காண்டோ கட்டடம் 30 வருஷம் ஆனதும் கட்டாய இன்ஸ்பெக்ஷன், கட்டமைப்புக்கான ரிசர்வை இனிமே தள்ளுபடி பண்ண முடியாதுன்னு. நல்ல சட்டம், ஆனா பல வருஷமா கட்டாம விட்டதெல்லாம் சேர்ந்து இப்ப வருது, பழைய கட்டடம் திடீர்னு மலிவா விலைக்கு வந்தா காரணம் இதுவா இருக்கலாம். கலிஃபோர்னியாவுலயும் 2015ல பெர்க்லியில பால்கனி இடிஞ்சு 6 மாணவர்கள் செத்ததுக்கு அப்புறம், மூணு வீடு இல்ல அதுக்கு மேல இருக்கிற காண்டோ கட்டடங்கள்ல மரத்தால தாங்கற பால்கனி, வெளிப்படிக்கட்டெல்லாம் 2025 ஜனவரி 1க்குள்ள முதல் இன்ஸ்பெக்ஷன் முடிக்கணும்னு சட்டம் வந்துச்சு. நீங்க பாக்கற இடத்துல அந்த ரிப்போர்ட் இருந்தா வாங்கிப் படிங்க.

ரிப்போர்ட்டை விட எனக்கு நம்பிக்கை ஜாஸ்தி மீட்டிங் மினிட்ஸ் மேல. ரெண்டு வருஷத்து மினிட்ஸ் கேளுங்க. ஒரு ஃப்ரெண்டு குடும்பத்துக்காக அவங்க டைனிங் டேபிள்ல பரப்பி வச்சுப் படிச்சோம், மார்ச்ல "கராஜ் மேல்தளத்துல நீர்க்கசிவு, அடுத்த கூட்டத்துல பேசலாம்", ஜூன்ல "மூணு கொட்டேஷன் வாங்கணும்", செப்டம்பர்ல "செலவு அதிகம், தள்ளி வைக்கலாம்", டிசம்பர்ல அதைப் பத்தி பேச்சே இல்ல. மறுநாள் நேர்ல போய் கராஜ்ல நின்னு அண்ணாந்து பாத்தா, கான்கிரீட்ல வெள்ளையா உப்புப் பூத்து, ஒரு இடத்துல துருப்பிடிச்ச கம்பி வெளிய தெரியுது, கீழ நிக்கிற கார் மேல யாரோ பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி வச்சிருக்காங்க. வீடு உள்ள புது கிச்சன், புது தரை, அவ்ளோ அழகு. அவங்க வாங்கலை. நீங்களும் மாதிரி வீட்டை மட்டும் பாத்துட்டு வந்துடாதீங்க, கராஜ், மொட்டை மாடி, குப்பை ரூம், பாய்லர் ரூம் எல்லாம் சுத்திப் பாருங்க.

மினிட்ஸோட சேர்த்து இன்னும் ரெண்டு கேள்வி. எத்தனை வீட்டுக்காரங்க கட்டணம் பாக்கி வச்சிருக்காங்க, அசோசியேஷன் மேல ஏதாவது கேஸ் ஓடுதா. பதிலை வாய்ல வாங்காதீங்க, எழுத்துல வாங்குங்க.

இன்சூரன்ஸ்

காண்டோன்னா கட்டடத்துக்கு அசோசியேஷன் மாஸ்டர் பாலிசி எடுத்திருக்கும், உள்ள இருக்கிறதுக்கு நீங்க ஹெச்ஓ-6ன்னு ஒரு பாலிசி எடுக்கணும். மாஸ்டர் பாலிசி வெறும் சுவரோட நின்னுடுமா, இல்ல கேபினெட், தரை வரைக்கும் வருமான்னு பாத்துட்டுத்தான் உங்க பாலிசித் தொகையை முடிவு பண்ணணும். ஃபீ சிம்பிள் டவுன்ஹவுஸ்னா பெரும்பாலும் தனி வீடு மாதிரி முழு பாலிசி, ஆனா அங்கயும் கூரையை அசோசியேஷன் இன்சூர் பண்ணியிருக்கான்னு கேட்டுக்கோங்க, ரெண்டு பேரும் கட்டறதும் நடக்குது, ரெண்டு பேரும் கட்டாம விடறதும் நடக்குது.

லாஸ் அசெஸ்மென்ட் கவரேஜ்னு ஒண்ணு இருக்கு, தயவுசெஞ்சு கவனிங்க. நெருப்பு, புயல் மாதிரி ஏதாவது நடந்து, மாஸ்டர் பாலிசி டிடக்டிபிளை (இன்சூரன்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி அசோசியேஷன் கையில இருந்து போட வேண்டிய தொகை) எல்லா வீட்டுக்கும் பிரிச்சுப் போட்டா உங்க பங்கை பாலிசி வரம்புக்குள்ள இது கொடுக்கலாம். சாதாரண பாலிசியில இது பெரும்பாலும் வெறும் 1,000 டாலர்தான் இருக்கும், கொஞ்சம் பிரீமியம் கூடக் கட்டினா 50,000 வரைக்கும் ஏத்திக்கலாம். பழைய கூரையை மாத்தற மாதிரி பராமரிப்புச் செலவுக்கு வர்ற அசெஸ்மென்ட்டுக்கு இது உதவாது, அதையும் தெரிஞ்சுக்கோங்க. வெள்ளமும் நிலநடுக்கமும் தனி பாலிசி.

வருஷத்துல மூணு நாலு மாசம் ஊருக்குப் போறவங்க, வீடு ஆள் இல்லாம எத்தனை நாள் இருந்தா பாலிசி எதையெல்லாம் கொடுக்காதுன்னு கேட்டு எழுதி வாங்கிக்கோங்க. கிளம்பும்போது மெயின் வால்வை மூடிட்டுப் போங்க, மேல் வீட்டுல ஒரு வாஷிங் மெஷின் ஹோஸ் வெடிச்சா கீழ நாலு வீடு நனையும்.

க்ளோசிங் அன்னைக்கு

கடன் போட்டு வாங்கறவங்களுக்கு க்ளோசிங் காஸ்ட் பொதுவா விலையில 2% முதல் 5% வரைக்கும். அப்ரைசல், டைட்டில் இன்சூரன்ஸ், லெண்டர் ஃபீஸ், ரெக்கார்டிங், முன்கூட்டியே கட்டற வரியும் இன்சூரன்ஸும், இதெல்லாம் தனி வீடு வாங்கும்போதே பாத்திருப்பீங்க. காண்டோவுல கூட வர்றது என்னன்னா அசோசியேஷன் பேப்பர் கொடுக்கறதுக்கு ஒரு ஃபீஸ், பேரு மாத்த ஒரு ஃபீஸ், நிறைய இடத்துல ரெண்டு மாசக் கட்டணம் அளவுக்கு அசோசியேஷன் நிதிக்குக் கொடுத்தே ஆகணும், திரும்ப வராது, லிஃப்ட்ல சாமான் ஏத்த மூவ்-இன் டெபாசிட். டிரான்ஸ்ஃபர் டாக்ஸ் இடத்துக்கு இடம் மாறும், டெக்சாஸ்ல கிடையவே கிடையாது, நியூயார்க்ல 10 லட்சம் டாலர் தொட்டுட்டா மேன்ஷன் டாக்ஸ் 1%ல ஆரம்பிக்குது, கட்டறது வாங்கறவங்க. 2024 ஆகஸ்ட் 17ல இருந்து ஏஜென்ட் உங்களுக்கு வீடு காட்டறதுக்கு முன்னாடியே அவருக்கு எவ்ளோ ஃபீஸ்னு எழுத்துல போடணும்னு வந்திருக்கு, அதைப் பேசிக் குறைக்கலாம். க்ளோசிங்குக்கு மூணு வேலை நாள் முன்னாடி லெண்டர் கணக்குத் தாளை உங்க கையில கொடுத்தாகணும், அன்னைக்கு உக்காந்து முதல்ல சொன்ன எஸ்டிமேட்டோட வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்க.

சொத்து வரி

விக்கிறவர் இப்ப கட்டற வரியைப் பாத்து ஏமாறாதீங்க, அவரு 20 வருஷமா இருக்கிறவரா இருந்தா, வயசுக்கான சலுகை வாங்கியிருந்தா, உங்களுக்கு அது வராது, நீங்க வாங்கின விலைக்கு திரும்ப மதிப்புப் போடலாம். கவுண்டி ஆபீஸ்ல கேட்டா உங்க விலைக்கு எவ்ளோ வரும்னு சொல்லுவாங்க.

ஆனா உங்க பழைய சலுகையைக் கூட எடுத்துட்டுப் போக முடியுமான்னும் பாருங்க. கலிஃபோர்னியாவுல 55 வயசு ஆனவங்க 2021 ஏப்ரல் 1ல இருந்து, பழைய வீட்டோட வரி மதிப்பை மாநிலத்துக்குள்ள எந்த கவுண்டிக்கும் மாத்திக்கலாம், மூணு தடவை வரைக்கும், ஒரு வீட்டை வித்து ரெண்டு வருஷத்துக்குள்ள இன்னொண்ணு வாங்கணும். ஃப்ளோரிடாவுல குடியிருக்கிற வீட்டோட மதிப்பு வருஷத்துக்கு 3%க்கு மேல ஏறாது, சேர்ந்த அந்த லாபத்துல 5 லட்சம் டாலர் வரைக்கும் புது வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம். டெக்சாஸ்ல 65 வயசானா ஸ்கூல் வரிக்கு ஒரு உச்சவரம்பு விழுந்துரும். எதுவும் தானா வராது, அப்ளிகேஷன் போடணும், தேதி தவறினா போச்சு.

பழைய வீட்டை விக்கும்போது ஒளிஞ்சிருக்கிற செலவு

குடியிருந்த வீட்டை வித்தா லாபத்துல தனி ஆளுக்கு 2,50,000, கணவன் மனைவி சேர்ந்து ஃபைல் பண்ணா 5,00,000 டாலர் வரைக்கும் வரி இல்ல, கடைசி 5 வருஷத்துல 2 வருஷம் அங்க குடியிருந்திருக்கணும். இந்த வரம்பு 1997ல இருந்து ஏறவே இல்ல, வீட்டு விலை மட்டும் ஏறிட்டே இருக்கு, அதனால 1998ல 2,20,000க்கு வாங்கி இப்ப 9,50,000க்கு விக்கிறவங்க நிறைய பேருக்கு வரம்பு தாண்டுது. கிச்சன் மாத்தினது, கூரை போட்டது, பேஸ்மென்ட் முடிச்சது எல்லாத்துக்கும் 80,000 டாலர் பில் இருந்தா அது அடக்க விலையில சேரும், விக்கிற செலவு 50,000 கழியும், அப்ப லாபம் 6,00,000, வரிக்கு வர்றது 1,00,000. பில் இல்லன்னா அது 1,80,000 ஆயிடும். அதனால பழைய ஃபைலையெல்லாம் தூக்கிப் போட்டுடாதீங்க. துணை தவறிட்டாங்கன்னா அந்தத் தேதியில இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள வித்தா 5,00,000 விலக்கு அப்படியே கிடைக்கும், அவங்க பங்கோட அடக்க விலையும் அன்னைக்கு மதிப்புக்கு ஏறும், சிபிஏகிட்ட இதைக் கண்டிப்பா கேளுங்க.

இந்த 1,00,000 டாலர் லாபம் இன்னொரு இடத்துலயும் கடிக்கும். மெடிகேர் பிரீமியம் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இருந்த வருமானத்தை வச்சுப் போடுவாங்க, வருமானம் ஒரு அளவு தாண்டினா இர்மான்னு கூடுதல் பிரீமியம், ரெண்டு பேருக்கும் தனித்தனியா. 2026ல வித்தா 2028ல தெரியும், அப்ப என்னடா திடீர்னு சோஷியல் செக்யூரிட்டியில இவ்ளோ பிடிக்கிறாங்கன்னு முழிப்பீங்க. வேலையில இருந்து ஓய்வு, துணை இறப்பு மாதிரி காரணத்துக்கு குறைக்கச் சொல்லி மனு போடலாம், வீடு வித்தது அந்தப் பட்டியல்ல இல்ல. 401(கே)யில இருந்து மொத்தமா 2 லட்சம் எடுத்து ரொக்கமா வாங்கிடலாம்னு நினைக்கிறவங்களுக்கும் இதே கதைதான், முழுத்தொகையும் அந்த வருஷ வருமானம், வரியும் மேல் படிக்குப் போகும். ரெண்டு மூணு காலண்டர் வருஷமா பிரிச்சு எடுத்தீங்கன்னா நிறைய மிச்சமாகும், அதனாலதான் இந்த பிளானை ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே ஆரம்பிங்கன்னு சொல்றேன்.

கடன் கிடைக்குமா

வயசைக் காரணம் காட்டி கடன் மறுக்கறது சட்டப்படி தப்பு, ஆனா வருமானம் காட்டணும், சம்பளம் இருக்கும்போதே கடன் வாங்கறது சுலபம். காண்டோவுல உங்களை மட்டும் பாக்க மாட்டாங்க, கட்டடத்தையும் பாப்பாங்க. ஃபேனி மே (பேங்க்கிட்ட இருந்து வீட்டுக்கடனை வாங்கிக்கிற நிறுவனம்) வழியில போற கடன்னா பட்ஜெட்ல குறைஞ்சது 10% ரிசர்வுக்குப் போகணும்ங்கறது ரொம்ப காலமா இருந்த அளவு, இப்ப எவ்ளோன்னு லெண்டர்கிட்ட கேட்டுக்கோங்க, 60 நாளுக்கு மேல பாக்கி வச்சவங்க 15% வீட்டுக்கு மேல இருக்கக்கூடாது. நீங்க ரொக்கத்துல வாங்கினாலும் இதைப் பாருங்க, உங்களுக்குக் கடன் வேணாம், நாளைக்கு உங்ககிட்ட வாங்கறவருக்கு வேணும். 62 வயசுக்கு மேல ரிவர்ஸ் மார்ட்கேஜ் (சொந்த வீட்டு மதிப்பை வச்சு மாசத் தவணை இல்லாம வாங்கற கடன்) ஒரு வழியா மனசுல வச்சிருக்கீங்கன்னா, காண்டோவுக்கு பொதுவா எஃப்ஹெச்ஏ (அரசாங்க வீட்டுக்கடன் அமைப்பு) ஒப்புதல் வேணும், இப்பவே இருக்கான்னு பாத்துக்கோங்க.

உடம்புக்கு ஆகப்போற செலவு

இதை யாரும் செலவுக் கணக்குல எழுத மாட்டாங்க. டவுன்ஹவுஸ்ல பெரும்பாலும் கீழ கராஜ், நடுவுல கிச்சன், மேல பெட்ரூம். முட்டி ஆபரேஷன் ஆன ஆறு வாரம் எங்க படுப்பீங்க, கீழ ஒரு பாத்ரூம் இருக்கா, அதுல குளிக்க முடியுமா இல்ல கை கழுவ மட்டும்தானா? படியில லிஃப்ட் சேர் வைக்க அகலம் இருக்கான்னு டேப் எடுத்துட்டுப் போய் அளங்க, கதவு திறந்தா 32 இன்ச் வழி கிடைக்குதான்னும் அளங்க, வீல்சேர் போக அது வேணும். 1991 மார்ச் 13க்கு அப்புறம் குடியேறின, நாலு வீடு இல்ல அதுக்கு மேல இருக்கிற கட்டடத்துல லிஃப்ட் இருந்தா எல்லா வீடும், இல்லன்னா தரைத்தள வீடுங்க, வீல்சேர் போற மாதிரி கதவும் கைப்பிடி பொருத்தற மாதிரி பாத்ரூம் சுவரும் வச்சுக் கட்டியிருக்கணும்னு சட்டம், பல மாடி டவுன்ஹவுஸுக்கு பெரும்பாலும் அது பொருந்தாது. அதனால எனக்குன்னு கேட்டா, லிஃப்ட் இருக்கிற, 1991க்கு அப்புறம் கட்டின, ஒரே தளத்து காண்டோவுக்கு கொஞ்சம் கூடக் கொடுக்கலாம், பின்னாடி பாத்ரூமை இடிச்சுக் கட்டற செலவு மிச்சம்.

55 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கான கம்யூனிட்டின்னா குடியிருக்கிற வீடுகள்ல குறைஞ்சது 80%ல ஒருத்தருக்காவது 55 ஆகியிருக்கணும், பேரன் பேத்தி வந்தா எத்தனை நாள் தங்கலாம்னு விதி வச்சிருப்பாங்க, கோடை லீவு முழுக்க வச்சுக்கலாம்னு கனவு காணறவங்க அதை முதல்ல படிங்க. வாடகைக்கு விடலாமாங்கறதும் அதே பேப்பர்லதான் இருக்கும்.

ஒரே ஒரு செக் வந்தா?

எல்லாத்தையும் ஒரு தாள்ல போடுங்க. மாசக் கட்டணம், வரி, உங்க வீட்டு பாலிசி, கரண்ட், ரிசர்வ் பற்றாக்குறையில உங்க பங்கை 60ஆல (அஞ்சு வருஷத்து மாசக் கணக்கு) வகுத்தது, வீட்டுக்குள்ள ரிப்பேருக்கு ஒரு தொகை. இதை ரெண்டு பேரு சோஷியல் செக்யூரிட்டியோட ஒப்பிடாதீங்க, ஒருத்தருக்கு வர்றதோட ஒப்பிடுங்க. ஒருத்தர் போயிட்டா ரெண்டு செக்ல பெருசு மட்டும்தான் நிக்கும், சின்னது நின்னுடும், ஹெச்ஓஏ கட்டணம் பாதியாகாது. அக்கா அத்தானுக்கு இதைப் போட்டுக் காட்டினப்போ ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை, அப்புறம் அத்தான்தான் "இவ தனியா இருந்தா மாசம் எவ்ளோ பத்தாம போகும், அதை சொல்லு"ன்னு கேட்டாரு. 410 டாலர் பத்தலை. அதுக்கு அவரு சோஷியல் செக்யூரிட்டியை 70 வயசு வரைக்கும் எடுக்காம தள்ளி வச்சிருக்காரு, பெரிய செக் அவளுக்கு நிக்கணும்னு.

ஆஃபர் எழுதும்போது அசோசியேஷன் பேப்பர் பாத்துட்டுப் பிடிக்கலைன்னா அட்வான்ஸைத் திரும்ப வாங்கிட்டு விலகிக்கலாம்னு ஒரு கண்டிஷன் போடச் சொல்லுங்க, அந்த நாள் கணக்கு ஆஃபர் கையெழுத்தான அன்னைக்கு ஆரம்பிக்காம பேப்பர் மொத்தமா உங்க கைக்கு வந்த அன்னைக்கு ஆரம்பிக்கற மாதிரி எழுதச் சொல்லுங்க. டெக்லரேஷன், அஞ்சு வருஷ பட்ஜெட், ரிசர்வ் ஸ்டடி, ரெண்டு வருஷ மினிட்ஸ், மாஸ்டர் பாலிசி, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட், இந்த ஆறுல ஒண்ணு வரலைன்னாலும் அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிக்கலைன்னு ஏஜென்ட்டுக்கு ஈமெயில்லயே எழுதி வச்சுக்கோங்க.